வங்கிக்கு ஒரு சம்பளம், வீட்டுக்கு ஒரு சம்பளம்

கணக்கு டீச்சருக்கு மாதம் இரண்டு சம்பளம். உடனே யாரும் வயிறெரிய வேண்டாம். ஒன்று வங்கியில் வந்து விழுகிற சம்பளம், மற்றது வீட்டுக்கு வந்து சேருகிற சம்பளம். சட்டப்படி என்ன தரவேண்டுமோ அதை மாதக் கடைசியில் பள்ளிக்கூடம் ஒரு குறையும் வைக்காமல் வங்கியில் போட்டுவிடும். டீச்சர் அன்று மாலையே போய் அதில் ஏறக்குறைய பாதியை எடுத்து, ஒரு கவரில் போட்டு ஒட்டி, மறுநாள் காலை இடைவேளையில் ஆபீஸ் ஜன்னலில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் வங்கிக் கணக்கைத்தான் பார்ப்பார்கள். யார் வீட்டு அடுப்பையும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். தனியார் பள்ளி நடத்துவது என்ன லேசுப்பட்ட காரியமா?

அந்தக் கவருக்கு ஸ்டாஃப் ரூமில் 'ஹோம்ஒர்க்' என்று பெயர். யார் முதலில் வைத்தார்களோ தெரியாது, ஆனால் வைத்தவருக்குக் கோயில் கட்டலாம். "ஹோம்ஒர்க் கொண்டாந்துட்டீங்களா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். யாராவது ஒருநாள் தாமதித்தால், "பேரன்ட்ஸைக் கூட்டிட்டு வா" என்று சிரிப்பார்கள். அழ முடியாத இடத்தில் சிரித்துவைப்பது படித்தவர்களின் வழக்கம். முப்பது பேர் வருஷக்கணக்காக அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கணக்கு டீச்சர் ஒல்லியான பெண்மணி. வலது கை விரல்களில் சாக்பீஸ் தூள் ரேகையாகவே ஏறிவிட்டது. வகுப்பில் குரலை உயர்த்த மாட்டார். பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார், அவ்வளவுதான், கடைசி பெஞ்சு வரை கப்சிப். பின்னம் வராத பிள்ளைக்குப் பின்னம் வரும்வரை வீட்டுக்குப் போக மாட்டார். தெருவில் நடந்தால் வணக்கத்துக்குக் குறைவில்லை. மளிகைக் கடைக்காரர் எழுந்து நிற்பார். பேருந்தில் இடம் விடுவார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் மட்டும், "டீச்சர் வேலைன்னா என்ன, பாதி நாள் வேலை, பாதி வருஷம் லீவு" என்று மாதம் ஒருமுறையாவது சொல்லிவிடுவாள். அவள் அதைச் சொல்லும்போது டீச்சர் பெரும்பாலும் மடியில் நூறு விடைத்தாள்களை வைத்துத் திருத்திக்கொண்டிருப்பார்.

டீச்சரின் கணவர் அதே பள்ளியில் வேன் ஓட்டுகிறார். ஊரே அவரை வேன்காரர் என்றுதான் அழைக்கும். வேன்காரரின் சம்பளம் டீச்சரின் வீட்டுச் சம்பளத்தைவிட அதிகம். அதோடு அவர் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. ஒருமுறை தாளாளர் டிரைவர்களிடமும் கவர் கேட்டுப் பார்த்தார். மறுநாள் காலை ஒரு வேனும் கிளம்பவில்லை. பத்து மணிக்குள் தாளாளரின் போன் சூடாகிவிட்டது. அதோடு அந்தப் பேச்சு நின்றது.

"வேன் வரலைன்னா பெத்தவங்க போன் பண்றாங்க. வாத்தியார் வரலைன்னா பிள்ளைங்க கை தட்டுது. அவ்ளோதான் வித்தியாசம்" என்பார் வேன்காரர்.

"ரொம்பத்தான்" என்பார் டீச்சர்.

"என் வண்டியிலயும் நாப்பது பிள்ளைங்க, உன் கிளாஸ்லயும் நாப்பது. எனக்காவது பிரேக் இருக்கு."

டீச்சருக்குக் கோபம் வராது, சிரிப்புத்தான் வரும். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் இப்படித்தான். பேச்சில் குத்துவார், காலையில் டீச்சருக்கு முன்னால் எழுந்து அவர் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்திருப்பார்.

டீச்சரின் குணத்தைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். ஆபீஸ் கிளார்க் நல்ல மனிதர், ஆனால் கழித்தல் வராது. யார் யார் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டு, சரிபார்க்கச் சொல்லி டீச்சரிடம்தான் கொண்டு வருவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் சம்பள விகிதத்தை உயர்த்தியது. வங்கிச் சம்பளம் ஏறியது, எனவே திருப்புவதும் ஏற வேண்டும். கிளார்க் வழக்கம்போலத் தப்பாகக் கழித்திருந்தார். அந்தத் தப்பில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் கொஞ்சம் காசு மிஞ்சியது. தமிழ் ஐயா அதைப் பார்த்துவிட்டுப் பாலைக் கண்ட பூனைபோல வாயைத் திறக்காமல் இருந்தார். மற்றவர்களும் அப்படியே. கடைசியில் தாள் கணக்கு டீச்சரிடம் வந்தது.

தப்பான விடையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. சிவப்புப் பேனாவை எடுத்தார். வரிசையாக அடித்தார், சரியான விடையை எழுதினார், ஓரத்தில் 'கவனம் தேவை' என்றுகூடப் போட்டார். கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்ப் பாதிப் பாடம் நடத்திய பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. அதற்குள் தாள் தாளாளர் மேசைக்குப் போய்விட்டது. முப்பது பேரின் கையிலிருந்தும் காசு போயிற்று, அவருடையதும் சேர்த்து. ஒரு வாரம் ஸ்டாஃப் ரூமில் டீ பிளாஸ்க் அவர் நாற்காலியைத் தாண்டிப் போனது. "டீச்சர், உங்க கையில சிவப்புப் பேனாவைக் குடுத்தது யாரு?" என்று தமிழ் ஐயா கேட்டார். வீட்டில் வேன்காரர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் கீழே உட்கார்ந்துவிட்டார். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அவமானமாக இருந்தது.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று ஒரு பழமொழி உண்டு. டீச்சரின் ஒரே மகள் அந்தப் பழமொழியின் முதல் பாதியைப் பொய்யாக்கிவிட்டாள். நல்ல மதிப்பெண். நல்ல கல்லூரியில் பார்மசி படிக்க இடமும் கிடைத்தது. கட்டணம்தான் பெரிய பூதம். ஆனால் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் அந்தக் கட்டணத்தை முழுக்கக் கட்டும். வேன்காரர் சம்பளமும் டீச்சரின் வீட்டுச் சம்பளமும் சேர்ந்தாலும் அந்த வரம்புக்குள் தாராளமாக அடங்கிவிடும். ஆகவே யாரும் பயப்படவில்லை. மகள் வெள்ளை கோட்டு வாங்கி, கண்ணாடி முன் நின்று போட்டுப் பார்த்துக்கொண்டாள்.

உதவித்தொகை அலுவலகத்தில் டீச்சருக்கு ராஜ மரியாதை. அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். டீச்சர் என்று தெரிந்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க டீச்சர். டீச்சரை நிக்க வச்சுப் பேசக் கூடாது. எனக்குக் கணக்கு சொல்லிக்குடுத்தவங்க எனக்கு சாமி மாதிரி."

டீச்சர் உட்கார்ந்தார். அதிகாரி வங்கி விவரத்தைப் பார்த்தாள். முகம் மாறியது.

"என்ன டீச்சர் இது? மாசாமாசம் இவ்ளோ வருதே. இதுல எப்படி உங்களுக்குக் குடுக்கறது?"

"அது... அவ்வளவும் கைக்கு வராதும்மா."

"கைக்கு வராதுன்னா? உங்க அக்கவுண்ட்லதானே விழுந்திருக்கு? நீங்கதானே எடுத்திருக்கீங்க?"

உண்மையைச் சொன்னால் பள்ளிக்கூடத்தைக் காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாவிட்டால் பொய் சொல்லி உதவி கேட்க வந்ததாகும்.

அதிகாரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அந்த மரியாதைதான் இன்னும் வலித்தது. "டீச்சர், நிஜமாவே கஷ்டப்படறவங்க வெளியில வரிசையில நிக்கறாங்க. உங்களை மாதிரி இருக்கறவங்களே இப்படிக் கேட்டு வரலாமா? உங்க சம்பளம் கம்மின்னா ஸ்கூல்ல ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க, பாக்கறேன்."

வெளியே வந்தபோது வரிசையில் நின்றவர்களின் முகத்தை டீச்சர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தவறு எதுவும் செய்யாமலே திருடியைப் போல நடந்து வந்தார். வேன்காரர் வண்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டவுடன் அவருக்கு வழக்கமான கிண்டல் வரவில்லை.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க. நம்ம வீட்டு ஏட்டுச் சுரைக்காய் கறிச் சட்டியையே உடைச்சிருச்சே" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் டீச்சர் தாளாளரைப் பார்க்கப் போனார். தாளாளர் கெட்ட மனிதர் இல்லை, அப்படித்தான் அவரே எல்லோரிடமும் சொல்வார். அறையில் ஏசி ஓடியது. சுவரில், ஆசிரியப் பணியே உயர்ந்த பணி என்று பெரிய எழுத்தில் எழுதி, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

"ஒரே ஒரு வரி போதும் சார். என் கைக்கு என்ன வருதோ அதை எழுதிக் குடுங்க."

"என்ன டீச்சர் இப்படிக் கேக்கறீங்க! நான் தப்பு பண்றேன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடணுமா?"

"அப்ப வங்கியில போடறதையே எனக்குக் குடுங்க சார்."

தாளாளருக்கு இது நகைச்சுவையாகப் பட்டது. சிரித்தார். பிறகு டீச்சர் சிரிக்காததைப் பார்த்து முகத்தைக் கனிவாக மாற்றிக்கொண்டார். "டீச்சர், இது வேலையா? சேவை. நீங்க பிள்ளைங்களுக்கு அம்மா மாதிரி. அம்மா கூலி கேப்பாளா? ஆண்டு விழாவுல இந்த வருஷம் சிறந்த ஆசிரியர் ஷீல்டு உங்களுக்குத்தான். நான் முடிவு பண்ணிட்டேன். சந்தோஷமா போங்க."

டீச்சர் நன்றி சொல்லிவிட்டு வந்தார். பழக்கதோஷம். வராந்தாவில் பாதி தூரம் வந்த பிறகுதான் எதற்கு நன்றி சொன்னோம் என்று தோன்றியது. அம்மாவாம், கூலியாம். அந்த அம்மாவுக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவளுக்கு வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். இதை ஷீல்டில் பொறித்துத் தருவாரா?

அன்று மாலை மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். யாரும் விஷயத்தை எடுக்கவில்லை. கடைசியில் மகள்தான் எடுத்தாள். அம்மாவைத் தேற்ற வேண்டும் என்று நினைத்துச் சொன்னாள், பாவம்.

"விடும்மா. இந்த காலேஜ் இல்லைன்னா என்ன? பக்கத்துல பி.எஸ்சி. சேர்ந்துக்கறேன், அதுக்கு பீஸ் கம்மி. அப்புறம் பி.எட். முடிச்சுட்டு உன்னை மாதிரியே டீச்சராயிடறேன்."

வேன்காரர் தண்ணீர் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சராவா?" என்றார் டீச்சர்.

"ஏம்மா, டீச்சர்னா எல்லாரும் எவ்ளோ மதிக்கறாங்க!"

டீச்சர் எழுந்து உள்ளே போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினார். வகுப்பறையை அவருக்கு அவ்வளவு பிடிக்கும். விடை புரிகிற நொடியில் ஒரு பிள்ளையின் கண் விரிவதைப் பார்ப்பதற்கு ஈடாக உலகத்தில் வேறு ஒன்றும் அவர் கண்டதில்லை. அப்படிப்பட்ட வேலைக்குத் தன் மகள் வருகிறேன் என்றால் பெருமைப்பட வேண்டியவர் ஏன் பதறுகிறார்? படித்துவிட்டு ஆசையாக வந்தால் சரி. வேறு எதற்கும் வழியில்லாமல், பீஸ் குறைவு என்பதற்காக, ஒரு கவரைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நிற்க வருவாளா? அந்த நினைப்பே டீச்சருக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை சம்பள நாள். மாலையில் வங்கியில் வழக்கம்போல பள்ளிக்கூடமே வரிசையில் நின்றது. முன்னால் தமிழ் ஐயா, பின்னால் அறிவியல் டீச்சர். எல்லோர் பையிலும் வெற்றுக் கவர். டீச்சரின் முறை வந்ததும் கவுண்டர் பையன், "வழக்கமான தொகைதானே டீச்சர்?" என்றான்.

"இல்லப்பா. எல்லாத்தையும் குடு."

பின்னால் நின்ற அறிவியல் டீச்சர் தன் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்ததால் அதைக் கேட்கவில்லை. டீச்சர் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வேன்காரரும் தன் சம்பளத்தோடு வந்திருந்தார். கையிருப்பையும் சேர்த்து இருவரும் கல்லூரிக்குப் போய், மூடுவதற்குள் முதல் பருவக் கட்டணத்தைக் கட்டினார்கள். ரசீதை டீச்சர் நாலாக மடித்தார். இத்தனை வருஷத்தில் தன் முழுச் சம்பளத்தையும் அவர் கையில் பிடித்துப் பார்த்தது அதுவே முதல் தடவை, பிடித்துப் பார்த்ததும் அரைமணி நேரம்தான்.

"நாளைக்கு என்ன சொல்லப் போறே?" என்றார் வேன்காரர்.

"தெரியலைங்க. உள்ளதைச் சொல்றேன்."

"வேலை போச்சுன்னா?"

"அடுத்த பருவத்துக்கு ஏதாவது டியூஷன், கடையில கணக்குன்னு பாப்போம். நம்ம பொண்ணு காலேஜுக்குள்ள போயிட்டா. இனி அவளை வெளிய எடுக்க விடமாட்டேன்."

மறுநாள் பிரேயருக்கு முன்பாகவே டீச்சர் ஆபீஸுக்குப் போய்விட்டார். இடைவேளைவரை காத்திருக்க அவர் மனசு இடம் தரவில்லை. "எங்கிட்ட கவர் இல்லைங்க" என்று கிளார்க்கிடம் சொன்னார். டீச்சர் மறந்துவிட்டார் போல என்று நினைத்து கிளார்க், "பரவாயில்ல டீச்சர், திங்கக்கிழமை குடுங்க" என்றார்.

"திங்கக்கிழமையும் இல்ல. நான் என் சம்பளத்தை வாங்கிக்கிட்டேன்."

கிளார்க்குக்குக் கழித்தல்தான் வராது, ஆபத்து வருவது தெரியும். எழுந்து ஓடினார். அடுத்த ஐந்து நிமிஷத்தில் டீச்சர் ஏசி அறையில் நின்றார்.

"என்ன டீச்சர் புதுசா?" என்றார் தாளாளர்.

"அந்தச் சம்பளத்தை நம்பித்தானே சார் என் பொண்ணுக்கு உதவி இல்லன்னுட்டாங்க? அது எனக்கு வர்ற சம்பளம்னு வங்கியே சொல்லுது, அரசாங்கமே சொல்லுது. நான் ஒருத்திதான் இல்லன்னு சொல்லிட்டிருந்தேன்."

"நாளைக்கே வேற கணக்கு டீச்சரைப் போட எனக்குத் தெரியாதா?"

"போடுங்க சார். விளம்பரத்துல சம்பளம் எவ்வளவுன்னு மட்டும் சரியா போட்டுடுங்க."

குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு, வகுப்பில் செய்வதைப் போலவே ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தாளாளர் மேசை மேலிருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். அவர் யாரிடம் போய்ப் புகார் சொல்வார்? திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? பொதுத் தேர்வு வகுப்புக்கு வருஷ நடுவில் ஆளை மாற்றவும் முடியாது, கணக்கில் நூற்றுக்கு நூறு என்று கேட் பக்கம் போர்டு வைத்துத்தான் அவர் பிள்ளைகளைச் சேர்க்கிறார்.

கடைசியில் அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சரி. உங்க குடும்பக் கஷ்டம் எனக்குப் புரியுது. நீங்க மட்டும் இனிமே முழுசா வச்சுக்கோங்க. உங்க பொண்ணு படிச்சு முடிக்கறவரைக்கும் நான் கேக்கமாட்டேன். ஆனா ஒண்ணு டீச்சர், வெளியில மூச்சு விடக் கூடாது. இன்னொருத்தருக்குத் தெரிஞ்சுதுன்னா, பரீட்சை முடிஞ்ச மறுநாள் உங்களை வச்சுக்க முடியாது. பொண்ணை நினைச்சுக்கோங்க."

டீச்சர் தலையாட்டினார். மனசாரத்தான் தலையாட்டினார், அதை மறைப்பானேன். நாலு வருஷக் கட்டணத்துக்கும் வழி பிறந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பதினெட்டு வருஷமாக நன்றாகப் பழகிய வேலைதான் அது. முதல் இரண்டு பீரியடும் லேசான மனசோடு பாடம் நடத்தினார்.

இடைவேளை மணி அடித்தது. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கவரை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அறிவியல் டீச்சர் தன் கவரின் வாயை நாக்கால் நனைத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் குழந்தை பிறந்து நாலு மாதம்தான் ஆகிறது. லீவை நீட்டினால் சம்பளம் பிடிப்பார்கள் என்று பச்சை உடம்போடு திரும்பி வந்தவள். டீ பிளாஸ்க் சுற்றி வந்தது, இப்போதெல்லாம் அது கணக்கு டீச்சரைத் தாண்டிப் போவதில்லை. தமிழ் ஐயா நாற்காலியை விட்டு எழுந்து, கவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டே கேட்டார்.

"என்ன டீச்சர், கொடுத்தாச்சா?"

ஆச்சு என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. டீச்சர் அந்தச் சொல்லைச் சொல்லத்தான் வாயெடுத்தார். மகள் வெள்ளை கோட்டில் நிற்பது கண்ணுக்குள் வந்தது. அவளை நினைத்தால் பேசக் கூடாது. அவளை நினைத்தால் பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

"கொடுக்கலைங்க ஐயா" என்றார். "முழுசா நானே வச்சுக்கிட்டேன். ஒண்ணும் ஆகல."

ஒட்டிய கவரோடு அறிவியல் டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். வெளியே பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது. கதவுக்குப் பக்கத்தில் போய்விட்ட தமிழ் ஐயா, ஆபீஸ் ஜன்னலை ஒருமுறை எட்டிப் பார்த்தார், கணக்கு டீச்சரை ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பி வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.